சீனித்துளசிச் சாறு வெள்ளைப் பொடியாவது எப்படி, எங்கே சிக்கல் வரும்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா, நட்டிருக்கிறீர்கள். இலையைக் காயவைத்து வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் கரும்பழுப்புச் சாறு வருகிறது. இனிக்கிறது, ஆனால் நாக்கின் பின்புறம் கசந்துகொண்டே நிற்கிறது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பொடியைக் கொட்டகையிலேயே எடுக்க முடியுமா, கரித்தூள் போட்டு வடித்தால் போதும் என்று ஒருவர் சொன்னது சரியா, எடுத்ததை லேபிள் ஒட்டி விற்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன: நிறம், கசப்பு, விற்பனைக்கு வேண்டிய தூய்மை. ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தானாகச் சரியாகாது. வெள்ளையாக இருக்கும் பொடி தூய்மையில்லாமல் இருக்கலாம். தூய்மையான பொடியும் கசக்கலாம். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எந்தக் கருவிக்குப் பணம் போடுவது, எதற்குப் போடக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் இலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நன்கு உலர்ந்த இலையின் எடையில் 5 முதல் 10 சதவீதம் ஸ்டீவியோசைட், 2 முதல் 4 சதவீதம் ரெபாடியோசைடு ஏ (சுருக்கமாக ரெப்-ஏ), ஒன்றிரண்டு சதவீதம் ரெபாடியோசைடு சி, அதற்கும் குறைவாக டல்கோசைடு ஏ இருக்கும். இவை எல்லாமே ஸ்டீவியால் என்ற ஒரே மூலக்கூறின் மேல் சர்க்கரைத் துண்டுகள் ஒட்டியவை. அதனால்தான் மொத்தமாக ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் என்கிறோம். சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு இவற்றிலிருந்து வருகிறது. வெந்நீர் இவற்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு வராது. குளோரோஜெனிக் அமிலங்கள், ஃபிளேவனாய்டுகள், டானின், புரதம், பெக்டின், தாது உப்புகள், சாதாரணச் சர்க்கரைகள் எல்லாவற்றையும் சேர்த்தே இழுத்து வரும். வடித்த சாற்றை அப்படியே வற்றவைத்தால் கிடைக்கும் திடப்பொருளில் கால் பங்கு இனிப்பாக இருந்தாலே நல்ல இலை என்று சொல்லலாம். மீதி முக்கால் பங்கை வெளியேற்றுவதுதான் வேலை முழுவதும்.

கரித்தூள் யோசனை இங்கேதான் தடுக்கி விழுகிறது. ஆக்டிவேட்டட் கார்பன் நிறத்தை உறிஞ்சும், உண்மை. ஆனால் உப்பையும் சர்க்கரையையும் அது தொடாது. இன்னொரு பக்கம், கிளைக்கோசைடுகளை அது விரும்பிப் பிடித்துக்கொள்ளும். கரும்பழுப்புச் சாற்றை வெளுக்க வைக்கும் அளவுக்குக் கரி போட்டால் இனிப்பில் பெரும்பகுதி கரியோடு குப்பைக்குப் போய்விடும். பிறகு வற்றவைத்தால் வருவது வெளிறிய, உப்புக் கரிக்கும், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் பொடி. கரிக்கு இந்த வேலையில் இடம் உண்டு, ஆனால் கடைசியில், எஞ்சிய லேசான மஞ்சளை எடுக்க, சிறிதளவில் மட்டும்.

கசப்புக்கு வருவோம். அது இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. டானினும் குளோரோஜெனிக் அமிலமும் இலையின் மற்றச் சேர்மங்களும் தரும் துவர்ப்பும் பச்சிலை வாடையும் முதல் வகை. சுத்திகரிப்பில் இவை போய்விடும். இரண்டாவது வகை ஸ்டீவியோசைடின் சொந்தக் கசப்பு. நாக்கிலுள்ள கசப்பு உணரும் ஏற்பிகளில் இரண்டையாவது அது நேரடியாகத் தூண்டுகிறது என்பது நிறுவப்பட்டிருக்கிறது. 99 சதவீதம் தூய்மையாக்கினாலும் அந்தக் கசப்பு இருக்கும், ஏனென்றால் அந்தப் பொருளின் குணமே அது. ரெப்-ஏ அதிகமுள்ள இலையில் கசப்பு குறையும். ரெபாடியோசைடு டி, எம் இரண்டும் சர்க்கரைக்கு இன்னும் நெருக்கமானவை, ஆனால் இலையில் மிக மிகக் குறைவாகவே உள்ளன. பெரிய நிறுவனங்கள் ரெப்-ஏ-யை என்சைம் கொண்டு அவையாக மாற்றிக்கொள்கின்றன. ஆகவே உங்கள் கசப்பில் எவ்வளவு போகும், எவ்வளவு நிற்கும் என்பதை உங்கள் செடியின் ரகம்தான் முடிவுசெய்யும். இலையைச் சோதிக்காமல் இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

இனிச் செய்முறை. 100 கிலோ உலர்ந்த இலையை அளவாக வைத்துச் சொல்கிறேன். இலையைக் கரகரப்பாக நொறுக்குங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டியே முன்னேற முடியாது. கிலோவுக்கு 12 லிட்டர் நீர், 55 முதல் 60 டிகிரி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், மெதுவான கிளறல். நீர் கொதிக்க வேண்டாம். சூடு கூடக்கூடப் பெக்டினும் புரதமும் கூடுதலாக இறங்கிச் சாறு வழவழப்பாகும், ஆனால் இனிப்பு கூடுதலாக வராது. இரண்டாம் முறை கிலோவுக்கு 8 லிட்டர், மூன்றாம் முறை 6 லிட்டர். மூன்றாவது சாறு மிகவும் நீர்த்திருக்கும், அதை அடுத்த ஈட்டின் முதல் நீராகப் பயன்படுத்துங்கள். இப்படிச் செய்தால் இலையிலுள்ள இனிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியே வந்துவிடும். ஊறிய சக்கை தன் எடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு சாற்றைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், அதை அழுத்திப் பிழிய ஒரு திருகு அழுத்தி இல்லாவிட்டால் நிறைய இழப்பீர்கள். பாத்திரங்கள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகுதான். இரும்புச் சட்டியில் டானின் கருநீலமாகும், தேயிலைத் தூளைக் கையாண்ட உங்களுக்கு இது தெரிந்ததே. சாற்றை அன்றன்றே அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு முழுக்க வைத்தால் புளிக்கத் தொடங்கும்.

அடுத்தது தெளியவைத்தல். இது மலிவான கட்டம், ஆனால் இதில் அசட்டையாக இருந்தால் அடுத்து வரும் விலையுயர்ந்த கட்டம் கெட்டுப்போகும். சாற்றை 50 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, உணவுத் தரச் சுண்ணாம்பைப் பாலாகக் கரைத்து, கலக்கிக்கொண்டே சேர்த்து, பி.எச். (புளிப்பு-கார அளவு) 10 முதல் 10.5 வரை ஏற்றுங்கள். டானினும் புரதமும் பெக்டினும் நிறப் பொருட்களும் சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாகக் கீழே இறங்கும். 30, 40 நிமிடத்தில் வடிகட்டும் அழுத்தியில் (ஃபில்டர் பிரஸ்) வடித்துவிட்டு உடனே கார்பன் டை ஆக்சைடு வாயுவையோ பாஸ்பாரிக் அமிலத்தையோ செலுத்திப் பி.எச்.-ஐ 7க்குக் கொண்டுவந்து, மிஞ்சிய சுண்ணாம்பு படிந்ததும் மறுபடி வடிகட்டுங்கள். காரத்தில் நீண்ட நேரம், அதுவும் சூட்டோடு விட்டால் ஸ்டீவியோசைடின் ஒரு பக்கத்துக் குளுக்கோஸ் கழன்று ஸ்டீவியால்பயோசைடு ஆகிவிடும், ரெப்-ஏ ரெபாடியோசைடு பி ஆகிவிடும். அவை அவ்வளவு இனிக்காது, சுவையும் மாறும். கடும் அமிலத்தில் கொதிக்க வைத்தாலோ மூலக்கூறே உருமாறி ஐசோஸ்டீவியால் ஆகும். சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒவ்வோர் அறுவடைக்கும் மாறும். ஆறு கண்ணாடிக் குவளைகளில் அரை லிட்டர் வீதம் சாறு எடுத்து, லிட்டருக்கு 1, 2, 3, 4, 5, 6 கிராம் என்று போட்டுப் பாருங்கள். எதில் வண்டல் விரைவாக இறங்கி மேல்நீர் வைக்கோல் நிறத்தில் தெளிகிறதோ அதுவே அன்றைய அளவு. சிலர் படிகாரம் அல்லது ஃபெரிக் குளோரைடு சேர்க்கச் சொல்வார்கள். தெளிவு கூடும், ஆனால் அலுமினியமும் இரும்பும் சாற்றுக்குள் வந்துவிடும். பிறகு அவற்றை எடுக்கத் தனி வேலை. சுண்ணாம்பிலேயே தெளிந்தால் அதோடு நிறுத்துங்கள்.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. கெட்டியாகப் போட்ட டீ டிகாக்ஷன் ஆறியதும் பால்போல் கலங்குமே, அதேபோல் சூடாக வடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்த இந்தச் சாறும் காலைக் குளிரில் கலங்கும். அந்தக் கலங்கல் அடுத்த கட்டத்து ரெசினை அடைத்துவிடும். எனவே கடைசி வடிகட்டலைச் சாறு முழுதும் ஆறிய பிறகே வையுங்கள்.

இப்போது ரெசின். உண்மையான சுத்திகரிப்பு நடப்பது இங்கேதான். நுண்துளைகள் நிறைந்த பாலிஸ்டைரீன் மணிகள் நிரப்பிய தூணின் வழியே சாற்றைச் செலுத்தும்போது, கிளைக்கோசைடுகளின் ஸ்டீவியால் பகுதி நீரை விரும்பாத குணம் கொண்டதால் மணியில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் சர்க்கரையும் நீரோடு வெளியேறிவிடும். பிறகு 60 முதல் 70 சதவீத எத்தனாலை விட்டால் ஒட்டியது கழன்று வரும். வேலை சொல்ல எளிது, அளவுகள்தான் முக்கியம். ஏட்டில் போட்டிருக்கும் கொள்ளளவை நம்பித் தூணை வாங்காதீர்கள். நடைமுறையில் ஒரு லிட்டர் ரெசினுக்கு 30 முதல் 40 கிராம் கிளைக்கோசைடு என்று கணக்கு வைத்தால் பாதுகாப்பு. 100 கிலோ இலைக்கு 250 லிட்டர் ரெசின் ஆகிறது. தூணின் உயரம் விட்டத்தைப் போல் மூன்று நான்கு மடங்காவது இருக்க வேண்டும். மணிநேரத்துக்கு ரெசின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்குச் சாறு போதும், அதற்கு மேல் வேகம் கூட்டினால் இனிப்பு ஒட்ட நேரமில்லாமல் வழிந்தோடும். தூணுக்குள் நீர்மட்டம் மணிகளுக்குக் கீழே இறங்கிக் காற்றுப் புகுந்தால் சாறு ஒரே வழியில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடும், மற்ற மணிகள் சும்மா கிடக்கும்.

தூண் நிறைந்துவிட்டதா என்று அறிய நாக்கே போதும். வெளியேறும் நீரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி சுவையுங்கள். இனிப்புத் தட்டிய கணமே சாற்றை நிறுத்துங்கள். பிறகு ரெசின் அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு தூய நீர் விட்டு, வெளியே வருவது நிறமற்றுப் போகும்வரை கழுவுங்கள். அடுத்து 10 சதவீத எத்தனாலால் ஒரு கழுவு கழுவினால் இன்னும் கொஞ்சம் மஞ்சள் போகும். 20 சதவீதத்தை நெருங்கினால் இனிப்பும் கூடவே போய்விடும், அதனால் துணிச்சல் வேண்டாம். கடைசியில் 70 சதவீத எத்தனால், ரெசினைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 625 லிட்டர், இனிப்பை இறக்கிக்கொண்டு வரும். புது ரெசினை முதலில் எத்தனாலில் ஊறவைத்துப் பலமுறை கழுவியே உபயோகிக்க வேண்டும். தயாரிப்பின்போது உள்ளே தங்கிய ஸ்டைரீன் போன்ற மூலப்பொருள் மிச்சங்களும் கரைப்பான் மிச்சங்களும் அப்போதுதான் வெளியேறும். உணவுத் தரச் சான்றில்லாத ரெசினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிடிப்பு குறையத் தொடங்கியதும் 4 சதவீதக் காஸ்டிக் சோடா, நீர், 4 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், மறுபடி நீர் என்று மீட்டெடுக்கலாம்.

இறங்கிய எத்தனால் கரைசலிலிருந்து முதலில் எத்தனாலை வடித்து மீட்க வேண்டும். மிஞ்சும் நீர்க்கரைசலை அயனி மாற்ற ரெசின்கள் இரண்டின் வழியாக விடுங்கள்: முதலில் நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் வலுவான கேட்டயான் ரெசின், உடனே எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் வலுக்குறைந்த ஆனயான் ரெசின். கால்சியம், இரும்பு, எஞ்சிய நிறம் போகும். கேட்டயானிலிருந்து வெளிவரும் கரைசல் பி.எச். 3க்கும் கீழே இருக்கும், அதைத் தொட்டியில் தேக்கி வைக்காமல் நேரே அடுத்த தூணுக்கு அனுப்பிவிடுங்கள். இதற்குப் பிறகுதான் கரித்தூள், மிகக் குறைவாக.

வற்றவைப்பது வெற்றிடத்தில்தான், 55 டிகிரியை ஒட்டி. இங்கே உயரத்தின் கணக்கைக் கவனியுங்கள். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து 1,793 மீட்டர். அங்கே காற்றழுத்தமே சுமார் 612 மில்லிமீட்டர் பாதரசம், நீர் 94 டிகிரியில் கொதித்துவிடும். கோயம்புத்தூரில் செய்த இயந்திரத்தை நிறுவ வருபவர் வெற்றிடக் கேஜில் 650 வரவேண்டும் என்று பம்பை மாற்றச் சொல்லலாம். கேஜ் காட்டுவது வெளியழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், அதனால் மலையில் எந்தப் பம்ப் வைத்தாலும் 612ஐத் தாண்டாது. 55 டிகிரியில் நீர் கொதிக்க உள்ளே 118 மில்லிமீட்டர் அழுத்தம் போதும், எனவே கோத்தகிரியில் கேஜ் 490 காட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கோவையில் அதே வேலைக்கு 600 காட்டும். இன்னொன்று, கிளைக்கோசைடுகள் சோப்பு நீர்போல் நுரைக்கும். கலனில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை ஏறி இனிப்பெல்லாம் கண்டன்சருக்குள் போய்விடும்.

கூழாக வற்றியதை உலர்த்தினால் 80, 90 சதவீதத் தூய்மையுள்ள, தந்த நிறப் பொடி கிடைக்கும். 95ஐத் தொட வேண்டுமானால் படிகமாக்க வேண்டும். உலர்ந்த பொடி ஒரு பங்குக்கு 85 முதல் 90 சதவீத எத்தனால் நான்கைந்து பங்கு, 60 முதல் 65 டிகிரியில் கரைத்து, மெல்லக் கிளறியபடி ஓரிரு நாளில் 10 டிகிரி வரை ஆறவிட வேண்டும். மலையில் இரவு குளிர்தானே, வெளியில் வைத்தால் ஆகாதா என்றால் ஆகாது. திடீரெனக் குளிர்ந்தால் நுண்ணிய பசை மாதிரிப் படிந்து, அழுக்கையும் உள்ளே சிறைப்பிடித்துக்கொள்ளும். நிதானமாக இறங்கும் வெப்பநிலைதான் சுத்தமான படிகம் தரும். படிகத்தை வடித்துக் குளிர்ந்த எத்தனாலால் ஒருமுறை கழுவி, வெற்றிட உலர்த்தியில் காயவையுங்கள். மெத்தனாலில் படிகம் அழகாக வரும், பழைய தொழிற்சாலை முறைகளில் அதுதான் வழக்கம். ஆனால் அது நஞ்சு. முடிந்த பொருளில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் மிஞ்சக்கூடாது என்பது உலகத் தர வரம்பு. அளக்கும் கருவி கையில் இல்லாத இடத்தில் மெத்தனாலை உள்ளே கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் போடுவோம். 10 சதவீதம் இனிப்புள்ள 100 கிலோ இலையில் இருப்பது 10 கிலோ. ஊறவைத்தபின் ஒன்பது சொச்சம், தெளியவைத்தபின் எட்டரையை ஒட்டி, ரெசினுக்குப் பின் எட்டு, அயனி மாற்றமும் கரியும் முடிந்தபின் ஏழரை, முதல் படிகத்தில் ஆறு கிலோ. தாய்க்கரைசலில், அதாவது படிகத்தை வடித்தபின் நிற்கும் கரைசலில், மிஞ்சியதை அடுத்த ஈட்டில் சேர்த்தால் கொஞ்சம் மீளும். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரும் கணக்கு, தொடக்க காலத்தில் இதில் பாதி வந்தாலும் வியக்க வேண்டாம். அரை ஏக்கரில் ஆண்டுக்கு 400 முதல் 600 கிலோ உலர் இலை என்பது நல்ல பராமரிப்பில் எதிர்பார்க்கத்தக்கது. அப்படியானால் 24 முதல் 36 கிலோ பொடி. ஆண்டில் ஐந்தாறு நாள் ஓடுவதற்காக ரெசின் தூண்களும் வெற்றிடக் கலனும் வாங்கி வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது.

கருவியின் விலை போகட்டும், கொட்டகையில் செய்ய விடாத காரணங்கள் வேறு இருக்கின்றன. ரெக்டிஃபைடு ஸ்பிரிட், அதாவது செறிந்த எத்தனால், வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் 20 லிட்டர் வைத்திருந்தாலும் குற்றம். குடிக்க முடியாதபடி நச்சுப் பொருள் கலந்த டீநேச்சர்டு ஸ்பிரிட்டை உணவுப் பொருளில் நினைத்தே பார்க்கக்கூடாது. எத்தனால் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பற்றும் தன்மை கொண்டது. காற்றை விடக் கனமானதால் தரையில் தவழ்ந்து பக்கத்து அடுப்புவரை போகும். சாதாரண மோட்டாரும் சுவிட்சும் உள்ள கொட்டகையில் 600 லிட்டர் எத்தனால் கையாள்வது உயிரோடு விளையாடுவது. கழிவும் சின்ன விஷயமில்லை. சுண்ணாம்பு வண்டல், காஸ்டிக்கும் அமிலமும் கலந்த ரெசின் கழுவிய நீர், கரிமப் பொருள் நிறைந்த தூண் கழிவு எல்லாவற்றுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். கோத்தகிரிச் சரிவின் ஓடைகள் பவானிக்குத்தான் போகின்றன, வழியில் எத்தனை ஹட்டிகள் (படுகர் ஊர்கள்) அந்த நீரைக் குடிக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். சக்கை மட்டும் தொல்லையில்லாதது, மட்கவைத்துத் தோட்டத்துக்கே போடலாம்.

விற்பனை விதிகளில் உறுதியானவை இவை. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2008-இல் ஸ்டீவியால் கிளைக்கோசைடுகளுக்கு, ஸ்டீவியால் கணக்கில், உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. ரெப்-ஏ-யின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஸ்டீவியால், ஆகவே 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 720 மில்லிகிராம் ரெப்-ஏ ஆகிறது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2015-இல் குறிப்பிட்ட உணவு வகைகளிலும் மேசை இனிப்பூட்டியாகவும் இதை அனுமதித்தது. அந்த நிபுணர் குழுவின் தர வரையறைப்படி உலர் நிலையில் மொத்தக் கிளைக்கோசைடு 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 6 சதவீதத்துக்குள், ஈயமும் ஆர்சனிக்கும் கிலோவுக்குத் தலா ஒரு மில்லிகிராமுக்குள், எத்தனால் மிச்சம் 5,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 100 கிலோ இலை 6 கிலோ பொடியாகச் சுருங்கும்போது இனிப்போடு சேர்ந்து ஒட்டக்கூடிய பூச்சிமருந்து மிச்சமும் செறிவாகும் என்பதை மறக்காதீர்கள். பக்கத்துத் தேயிலைக்கு அடித்த மருந்துத் தூவல் காற்றில் வந்து உங்கள் இலையில் படிந்தால் அது பொடியில் பல மடங்காகத் தெரியலாம். ரோட்டோரத்தில் இலை காயப்போடுவதும் இதனாலேயே கூடாது. பொடியை அப்படியே வீட்டுக்காரர் கையில் கொடுக்கவும் முடியாது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடு 20 மில்லிகிராம், யாராலும் கையால் அள்ள முடியாத அளவு. அதனால்தான் கடைப் பொட்டலங்களில் எரித்ரிடால், டெக்ஸ்ட்ரோஸ் மாதிரி ஒன்றைக் கலந்து பருமன் கூட்டுகிறார்கள். அந்தக் கலவைக்கும் தனியே உரிமமும் லேபிள் அறிவிப்பும் உண்டு.

ஆக, உங்கள் கையில் முழுதாக இருப்பது இலை. தொழிலின் பாதி லாபம் அங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். விதையில் முளைப்பு குறைவு, தன் மகரந்தத்தால் சூல் பிடிக்காத செடி என்பதால் விதைக்கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ரெப்-ஏ அதிகமென்று சோதனையில் உறுதியான தாய்ச்செடியிலிருந்து தண்டுக் குச்சி வெட்டி வைத்துப் பெருக்குங்கள். நீலகிரியின் புளிப்பு மண் இதற்குப் பகையில்லை. பராகுவேயில் இதன் சொந்த மண்ணும் புளிப்புதான். உறைபனிதான் பகை, டிசம்பர் ஜனவரியில் பள்ளத்தாக்கின் அடியில் நட்டவை கருகும், சரிவின் நடுப்பகுதி தேவலை. அடுத்த சிக்கல் பகல் நீளம். இது பகல் குறைந்தால் பூக்கும் செடி. நம் 11 டிகிரி அட்சரேகையில் ஆண்டில் எந்த நாளும் பகல் 13 மணியைத் தொடாது, எனவே எப்போதும் பூக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். பூ விரிந்ததும் இலையில் இனிப்பு இறங்கும். மொட்டு கண்ணுக்குத் தெரிந்த உடனே, தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் விட்டு அறுத்துவிட வேண்டும். தண்டில் இனிப்பு மிகக் குறைவு, இலையை உருவி மட்டும் காயவையுங்கள்.

காயவைப்பதில் கோத்தகிரிக்காரருக்குத் தனிக் கஷ்டம், ஏனென்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையும் மூடுபனியும். மெல்ல உலரும் இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும், சாறு கூடுதல் பழுப்பாகும். 40 முதல் 50 டிகிரிக் காற்றில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஒரு நாளுக்குள் ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். உள்ளங்கையில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். பக்கத்துப் பேக்டரியின் டீ டிரையர் இதற்குச் சூடு அதிகம். கொழுந்து வாட்டும் தொட்டியில் வெதுவெதுப்பான காற்று விட்டு உலர்த்துவது நடக்கக்கூடிய யோசனை, ஆனால் தொட்டியைக் கழுவாமல் அடுத்துத் தேயிலை போட்டால் அந்தத் தேயிலை இனிக்கும், இலையில் தேயிலைத் தூள் கலந்தால் உங்கள் சாற்றில் டானினும் காஃபீனும் ஏறும். பேக்டரிக்காரர் ஒப்புக்கொள்வாரா என்பது இரண்டு பக்கத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

என் யோசனை இதுதான். மலையில் இலை வரைக்கும் நிறுத்துங்கள், அதை முதல்தரமாகச் செய்யுங்கள். சுற்றுவட்டத்தில் பத்து இருபது பேர் சேர்ந்து பத்துப் பதினைந்து ஏக்கர் ஆனால், ஆண்டுக்குப் பத்து டன்னைத் தாண்டும் இலைக்கு மேட்டுப்பாளையம் போலச் சமவெளியில், எத்தனால் உரிமமும் கழிவுநீர் வசதியும் உள்ள ஓர் ஆலையோடு கூலிக்குச் சுத்திகரிக்கப் பேசலாம். நடுவழியாக, சுண்ணாம்பில் தெளியவைத்து எத்தனால் தொடாமல் வற்றவைத்த கூழை அத்தகைய ஆலைக்கு மூலப்பொருளாக விற்கும் வழியும் உண்டு. ஆனால் மலையிலேயே வெற்றிடக் கலன் வேண்டும், கூழ் கெடாமல் இறக்கவும் வேண்டும் என்பதால் உலர் இலையைவிட அது லாபமா என்பது வாங்குபவர் தரும் விலையைப் பொறுத்தே தெரியும். அதை நேரடியாக இனிப்பூட்டி என்று லேபிள் ஒட்டிக் கடையில் விற்பது மட்டும் செய்யாதீர்கள், 95 சதவீத வரையறைக்குள் அது வராது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. அடுத்த அறுவடையில் தோட்டத்தின் நாலைந்து இடத்திலிருந்து கலந்து எடுத்த அரைக் கிலோ உலர் இலையைக் காற்றுப் புகாத உறையில், வெளிச்சம் படாமல் மூடி, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எச்.பி.எல்.சி. முறையில் (சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் சோதனை) ஸ்டீவியோசைட், ரெப்-ஏ, ரெப்-சி, டல்கோசைடு ஏ ஒவ்வொன்றும் தனித்தனியே எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 'மொத்த இனிப்பு' என்று ஒற்றை எண் கொடுத்தால் அது போதாது. கூடவே ஈரம், சாம்பல், ஈயம், பூச்சிமருந்து மிச்சம் நான்கையும் சேருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் (கரைந்த திடப்பொருளின் அளவு) பார்த்துச் சொல்லும் கணக்கை ஏற்காதீர்கள், உப்பும் டானினும் சேர்த்துத்தான் அது அளக்கும். ரெப்-ஏ ஸ்டீவியோசைடைவிட மிகுந்திருந்தால் இந்தச் செடிகளையே பெருக்கலாம். ஸ்டீவியோசைட் பெரும்பங்காக இருந்தால் எவ்வளவு சுத்திகரித்தாலும் அந்தப் பின்கசப்பு நிற்கும் என்பதால், ஆலைக்குப் பணம் போடுவதற்கு முன் கன்றுகளை மாற்றுங்கள்.